தாரியென் இடைவெளி: வண்டி போனதா, வண்டியைத் தூக்கிப் போனார்களா?

1971 டிசம்பர் 3 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து இரண்டு ரேஞ்ச் ரோவர்கள் தெற்கு நோக்கிக் கிளம்பின. தென் அமெரிக்காவின் அடிமுனையில் இருக்கும் உசுவாயாதான் இலக்கு. வழித்தூரம் ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர். கனடாவின் பனிச்சாலையில் ஒரு வண்டி லாரியில் மோதி நன்றாக அடிபட்டது. பழுது பார்த்துக்கொண்டு மேலே போனார்கள். ஆறு வாரத்தில் பனாமா வந்துவிட்டது. பிறகு கொலம்பியாவிலிருந்து உசுவாயா வரை ஓட்டிச் செல்ல ஏழு வாரம் போதுமானதாக இருந்தது. நடுவில் இருந்த சுமார் 400 கிலோமீட்டருக்கு மட்டும் ஏறத்தாழ நூறு நாள் ஆனது. மொத்த வழியில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லாத ஒரு துண்டு, மொத்த நாட்களில் பாதியைத் தின்றது.

அந்தத் துண்டின் பெயர் தாரியென் இடைவெளி. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்த மேஜர் ஜான் பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல் தலைமையில் நடந்த இந்தப் பயணத்தைச் சாகசக் கதையாகப் பலர் எழுதிவிட்டார்கள். பாம்பு, கொசு, சேறு எல்லாம் அந்தக் கதைகளில் உண்டு. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப்பட்டது வேறொரு விஷயம். காடு அவர்களை நிறுத்தவில்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ரேஞ்ச் ரோவர்களை முதலில் படுக்கவைத்தது காட்டைச் சமாளிப்பதற்கென்றே அவற்றில் மாட்டிய ஒரு பொருள். அது எப்படி நடந்தது என்று பார்ப்பதற்கே இந்த ஆய்வு.

இடம்

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் பான்-அமெரிக்கன் நெடுஞ்சாலை, அலாஸ்காவில் தொடங்கி அர்ஜென்டினாவின் தென்கோடி வரை ஓடுகிறது. ஒரே ஓரிடத்தில் அறுபடுகிறது. இன்று பனாமாப் பக்கம் யாவிசா என்ற ஆற்றங்கரை ஊரில் சாலை நிற்கிறது. கொலம்பியப் பக்கம் துர்போவுக்கு அருகே மறுபடி தொடங்குகிறது. இடையில் சுமார் 106 கிலோமீட்டர். 1972இல் யாவிசா வரை சாலை வரவில்லை. கன்யீத்தாஸ் என்ற ஊரோடு வண்டித்தடம் தேய்ந்துவிடும் என்பதால் அன்றைய இடைவெளி இன்றையதைவிடப் பல மடங்கு நீளம்.

உள்ளூர் ஸ்பானிஷில் இதைத் 'தபோன்' என்கிறார்கள். அடைப்பான், தக்கை என்று பொருள். இந்தத் தக்கைக்குள் இரண்டு வேறு நிலங்கள் இருக்கின்றன. பனாமாப் பக்கம் மலை. தாரியென் மலைத்தொடரில் உயரமான தக்கார்க்குனா சிகரம் 1,875 மீட்டர். அதிலிருந்து இறங்கும் ஓடைகள் நிலத்தைக் கத்தியால் கீறியதுபோலப் பிளந்து வைத்திருக்கின்றன. ஒரு சரிவில் ஏறி மறுபக்கம் இறங்கினால் ஓடை. ஓடையைத் தாண்டினால் அடுத்த சரிவு. கொலம்பியப் பக்கம் இதற்கு நேர்மாறு. அத்ராத்தோ ஆறு கடலில் சேருமுன் பரப்பி வைத்திருக்கும் சதுப்பு குறைந்தது 80 கிலோமீட்டர் அகலம். அங்கே ஏற வேண்டிய மேடும் இல்லை, சக்கரம் ஊன்றத் தரையும் இல்லை.

மழை இல்லாத காலம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரைதான். அந்த நான்கு மாதத்துக்குள் உள்ளே போய் வெளியே வந்துவிட வேண்டும். வெயில் காலத்திலும் மரக்கூரைக்குக் கீழே களிமண் முழுதாகக் காய்வதில்லை. மேலே பொருக்கு, கீழே வெண்ணெய். முதல் வண்டி பொருக்கை உடைக்கும். இரண்டாவது வண்டிக்கு மிஞ்சுவது வெண்ணெய்.

அங்கே வாழும் எம்பெரா, வூனான், குனா மக்கள் யாரும் அதில் சக்கரம் உருட்ட முயன்றதில்லை. அவர்களுக்கு ஆறுதான் சாலை. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த 'பிராகுவா' ஓடம்தான் வண்டி. இது பின்னால் முக்கியமாக வரும்.

முன்னால் போனவர்கள்

1972 குழு முதல் குழு அல்ல. 1960 பிப்ரவரி 2 அன்று பனாமாவின் செப்போவிலிருந்து ஒரு லேண்ட் ரோவரும் ஒரு ஜீப்பும் கிளம்பின. லேண்ட் ரோவருக்கு 'அன்பான கரப்பான் பூச்சி' என்று ஸ்பானிஷில் பெயர் வைத்திருந்தார்கள். பனாமாக்காரரான அமாதோ அராவுஸ், அவர் மனைவியும் மானிடவியலாளருமான ரெய்னா தோர்ரெஸ் தெ அராவுஸ், பிரிட்டிஷ் சிறப்புப் படையில் இருந்த ரிச்சர்ட் பெவிர், ஆஸ்திரேலியப் பொறியாளர் டெரன்ஸ் விட்ஃபீல்ட் ஆகியோர் உடன் சென்றார்கள். ஜூன் 17 அன்று கொலம்பியாவின் கிப்தோவை அடைந்தார்கள். 136 நாள், சராசரி வேகம் மணிக்கு 201 மீட்டர். நடக்கப் பழகும் குழந்தை இதைவிட வேகமாகப் போகும்.

இந்த 136 நாளில் ரெய்னா தோர்ரெஸ் வண்டி எங்கே மாட்டியது என்று மட்டும் குறித்துக்கொண்டிருக்கவில்லை. வழியிலிருந்த மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்துகொண்டே போனார். பின்னாளில் பனாமாவின் அருங்காட்சியகங்களைக் கட்டியெழுப்பியவர் அவர். நாட்டின் மானிடவியல் அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்குகிறது. தாரியெனுக்குள் போன வண்டிப் பயணங்களில் வண்டியைத் தாண்டி உருப்படியான ஒன்றைக் கொண்டுவந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டு நடந்தது முழுக்க விளம்பரம். சிகாகோவின் கார் விற்பனையாளர் ஒருவரும் ஷெவ்ரலே நிறுவனமும் சேர்ந்து மூன்று கார்வேர் கார்களை அனுப்பினார்கள். கார்வேர் என்பது குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போகும் கார். எஞ்சின் பின்னால், நான்கு சக்கர இயக்கம் கிடையாது. 109 நாளில் இரண்டு கார்கள் கொலம்பிய எல்லையைத் தொட்டன. மூன்றாவதைக் காட்டிலேயே விட்டுவிட்டார்கள்; துருப்பிடித்த அதன் கூடு பல்லாண்டுகள் கழித்தும் அங்கே கிடந்தது. கடைத்தெருக் காரே எல்லை வரை போயிருக்கிறதென்றால் இழுத்தது எஞ்சினா, ஆட்களா என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

ஆயத்தம்

பத்தாண்டு கழித்து வந்த பிரிட்டிஷ் குழு இந்த வரலாறு தெரிந்தே வந்தது. ரேஞ்ச் ரோவர் அப்போது புத்தம்புது மாடல். 1970இல்தான் சந்தைக்கு வந்தது. 3.5 லிட்டர் வி8 எஞ்சின், எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் விசை, முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங். அதற்குமேல் முன்புறம் வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச், கவிழ்ந்தால் காக்கும் கம்பிக்கூடு, நீருக்குமேல் தூக்கிய புகைக்குழாய், கூடுதல் எரிபொருள் தொட்டி. பிளவுகளில் பாலம்போல விரிக்க அலுமினிய ஏணிகள். ஆற்றில் வண்டியையே ஏற்றி மிதக்கவிடக் காற்றடைக்கும் படகுகள். வானிலிருந்து பொருள் போட ராணுவத்தின் பீவர் ரக விமானம். பொதிகுதிரைகள். பனாமாவின் தேசியக் காவல்படையினரும் கொலம்பிய வீரர்களும் அந்தந்தப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு காருக்கு ஒரு சிறு படை என்ற விகிதத்தைக் கவனியுங்கள். யானையை வாங்கிவிட்டுத் தீனிக்கு ஊரையே வேலைக்கு வைத்த கதை.

இவற்றோடு சதுப்புநில டயர்களும் வந்தன. வழக்கமான டயரைவிடப் பெரியவை, அகலமானவை. அகன்ற டயர் எடையைப் பரப்பும், சேற்றில் புதையாது, தண்ணீரில் சற்று மிதக்கவும் உதவும். படித்தால் குறையே தெரியாத ஏற்பாடு.

உடைந்தது என்ன

காட்டுக்குள் இறங்கிச் சில நாட்களிலேயே பின்பக்க டிஃபரன்ஷியல்கள், அதாவது அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதிகள், உடைய ஆரம்பித்தன. ஒன்று போனால் தற்செயல் என்று விடலாம். மாற்றி மாட்டியதும் உடைந்தது. கையிருப்பு உதிரிப் பாகங்கள் தீர்ந்தன. இங்கிலாந்திலிருந்து பாகங்களும், ரோவர் நிறுவனத்தின் பொறியாளரும் விமானத்தில் வர வேண்டியதாயிற்று. அதுவரை, உலகத்தின் மிக நவீன காட்டு வண்டிகள் காட்டின் வாசலிலேயே நின்றன. பொறியாளர் கண்டுபிடித்த காரணம் அந்தப் பெரிய டயர்கள்; அவை எஞ்சினிலிருந்து சக்கரம் வரை விசை கடத்தும் விசைத்தொடருக்கு அது தாங்கக்கூடியதற்குமேல் சுமை கொடுத்துக்கொண்டிருந்தன.

டயர் எப்படி கியரை உடைக்கும்? வண்டியோடு பழகியவர்களுக்கே சட்டென்று பிடிபடாத விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஞ்சினின் முறுக்குவிசை கியர்பாக்ஸ் வழியாகப் பின்னச்சுக்கு வந்து, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கரங்களின் வழியே இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிகிறது. சாதாரண டயர் சேற்றில் என்ன செய்யும்? ஓரளவுக்குமேல் விசை வந்தால் வழுக்கும். ஓட்டுநருக்கு அது எரிச்சல். கியருக்கு அது பாதுகாப்பு. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போவதுபோல. ஃபியூஸ் எரிந்தால் மிக்ஸி பிழைத்துக்கொள்கிறது. வழுக்கும் டயர்தான் வண்டியின் ஃபியூஸ்.

பெரிய டயரை மாட்டும்போது இந்த ஃபியூஸில் தடிமனான கம்பியைக் கட்டிவிடுகிறோம். டயர் அகலமாகி, பிடிப்பு கூடுகிறது. சக்கரத்தின் ஆரமும் கூடுகிறது. அதே பிடிப்புக்கு அச்சில் விழும் முறுக்கு அந்த ஆரத்தின் அளவுக்கு ஏறும். ஆக, முன்பு டயர் வழுக்கி விசையை வெளியே விட்டுவிட்ட கட்டத்தில் இப்போது டயர் விடுவதில்லை. அடுத்த பலவீனமான இடம் எதுவோ அது உடையும். ரேஞ்ச் ரோவரில் அது டிஃபரன்ஷியலின் பல்.

இன்னொன்றும் சேரும். பெரிய டயர் கனமானது. கனத்தின் பெரும்பகுதி சக்கரத்தின் விளிம்பில் இருக்கிறது. சேற்றில் அது வெறுமனே சுழலும்போது ஒரு சாணைக்கல்போல ஆற்றலைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. சுழன்றுகொண்டே போய் ஒரு வேர்மீதோ பாறைமீதோ பிடித்தால், சேர்த்ததெல்லாம் ஒரே அடியாகப் பின்னோக்கி வந்து பல்லில் இறங்கும். மெல்ல ஏறும் சுமையைத் தாங்கும் எஃகுகூடச் சம்மட்டி அடியைத் தாங்காது.

பின்பக்கமே ஏன்? சரிவில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது, முன்சக்கரங்கள் லேசாகின்றன. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிவிட்டால் முன்பக்கம் பிடிப்பில்லாத நொடியில் கிட்டத்தட்ட முழு விசையும் பின்னச்சின் தலையில் விழும். வண்டி நிறையச் சாமான். மிகக் குறைந்த கியர். தாரியெனில் சரிவு விட்டால் சரிவு. இத்தனையும் ஒரே பற்சக்கரத்தில் கூடியது.

மயிலிறகு ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது நமக்குப் பழைய பாடம்தான். இங்கே அச்சை முறித்தது ஏற்றிய சரக்கு மட்டுமல்ல, அச்சில் மாட்டிய சக்கரமும்.

இதில் யாரைக் குறை சொல்வது? டயர் தேர்வு முட்டாள்தனம் அல்ல. அத்ராத்தோ சதுப்பை மனதில் வைத்துப் பார்த்தால் அது சரியான டயர். ஆனால் சதுப்புக்கு முன்னால் மலை இருந்தது. கடைசிக் கட்டத்துக்கான கருவியை முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டு ஏறினார்கள். என் பார்வையில் உண்மையான தவறு வேறு. ஒரு பாகத்தை மாற்றினால் அது தொடும் அடுத்த பாகம் தாங்குமா என்று, அதே சுமையோடு, அதே மாதிரிச் சரிவில் சில வாரம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் அலாஸ்காவிலிருந்து வந்த அத்தனை ஆயிரம் கிலோமீட்டரும் இதைச் சொல்லிக் கொடுக்காது. நெடுஞ்சாலையில் டிஃபரன்ஷியலுக்குப் பெரிய சுமையே இல்லை.

பழைய வண்டி

ரேஞ்ச் ரோவர்கள் படுத்துக்கிடந்தபோது குழு ஒரு காரியம் செய்தது. பனாமாவில் பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கினார்கள். 'வழிகாட்டி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை அதற்கு வைத்து, முன்னால் அனுப்பினார்கள். சாமான் குறைவு, எடை குறைவு, நெளிந்தாலும் கவலையில்லாத உடம்பு. தடம் வெட்டும் ஆட்களோடு அது முன்னே போக, பளபளக்கும் இரண்டும் பின்னால் வந்தன.

பயணத்தின் திருப்புமுனை என்று நான் கருதுவது இதைத்தான். ரேஞ்ச் ரோவர் மட்டமான வண்டி என்பது என் வாதமல்ல. சரியாகப் பொருத்திய பிறகு அவையும் வெளியே வந்தன. ஆனால் காட்டில் எடை எப்படிக் கணக்காகிறது என்பதைப் பழைய வண்டி காட்டிக்கொடுத்தது. மாட்டிக்கொண்டால் ஆட்கள் தள்ளி எடுக்கும் கனத்தில் இருக்கும் வண்டி, வின்ச் போட்டாலும் அசையாத வண்டியைவிட ஒரு நாளில் அதிக தூரம் போகும்.

வின்ச் என்றதும் கம்பி சுருண்டால் வண்டி ஏறிவிடும் என்று தோன்றும். நடைமுறை வேறு. வடத்தை உருவிக்கொண்டு ஒருவர் சரிவில் ஏற வேண்டும். தாங்கக்கூடிய மரத்தைத் தேட வேண்டும். மழைக்காட்டில் வேர் மேலாக ஓடுவதால் பெரிய மரம்கூடச் சாயும். வடம் இறுகும்போது யாரும் அதன் பாதையில் நிற்கக் கூடாது. இழுத்து முடிந்ததும் அவிழ்த்து, அடுத்த மரம். ஒரு இழுப்புக்கு முப்பது மீட்டர் கிடைத்தால் நல்ல நாள். இதையே மூன்று வண்டிக்கும் செய்ய வேண்டும். ஒரு நாளைக்குச் சராசரி நான்கு கிலோமீட்டர் என்ற கணக்கு இப்போது சோம்பேறித்தனமாகத் தெரியாது.

தடம் வெட்டுவதும் அப்படித்தான். மனிதன் நடக்க ஒரு முழ அகலம் போதும். வண்டிக்கு இரண்டரை மீட்டர் வேண்டும், வளைவில் இன்னும் கூடுதல். இளமரங்களை நடந்துபோகிறவன் இடுப்பளவில் சாய்வாக ஒரே வெட்டில் வெட்டிப் போய்விடலாம். வண்டி வருமென்றால் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். சாய்வெட்டில் மிஞ்சும் குத்துக்கட்டை டயரின் பக்கச்சுவரை ஈட்டிபோலக் கிழிக்கும். வெட்டரிவாளோடு குனிந்து நாள் முழுக்க வேலை செய்தவர்களின் முதுகுதான் இந்தப் பயணத்தின் வேகமானி.

ஆறும் சதுப்பும்

ஓடைகளுக்கு ஏணிப்பாலம், ஆறுகளுக்குக் காற்றுப்படகு. எல்லையிலிருக்கும் பாலோ தெ லாஸ் லெத்ராஸ் கணவாயைத் தாண்டிக் கொலம்பியாவுக்குள் இறங்கியதும் சரிவுகள் குறைந்து நீர் கூடியது. ஆறு தாண்டும்போது எல்லோருக்கும் எஞ்சினுக்குள் நீர் போகும் என்பதே பயம். அதைவிட நைச்சியமான ஆபத்து அச்சில் இருக்கிறது. ஏறி இறங்கிச் சூடேறிய அச்சுக்கூடு குளிர்ந்த நீரில் முங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, சின்னக் காற்றுத்துளை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால்போல வெளுக்கும். அப்படியே ஓட்டினால் பல் தேயும். ஆழ்ந்த நீரில் இறங்கும் வண்டிக்கு இந்தத் துளையைக் குழாய் போட்டு மேலே தூக்குவதும், அக்கரை ஏறியபின் எண்ணெயைப் பார்ப்பதும் வழக்கம்.

அத்ராத்தோ சதுப்பில் ரேஞ்ச் ரோவர்கள் ஓடவில்லை, மிதக்கவைத்து நகர்த்தப்பட்டன. ஏப்ரல் பிற்பகுதியில், மழை இறங்கும் தறுவாயில், குழு கொலம்பியாவில் சாலை மறுபடி தொடங்கும் இடத்தை அடைந்தது. ஜூன் மாதம் உசுவாயா.

எது கடப்பது?

1972 குழு தாரியெனைக் 'கடந்தது' என்றால் எந்தப் பொருளில்? மலையில் வண்டிகள் பெரும்பாலும் இழுக்கப்பட்டன, நீரில் சுமக்கப்பட்டன. 1960 குழுவும் அத்ராத்தோவில் நெடுந்தொலைவு ஆற்றுவழியாகவே போனது. 1978-79இல் மார்க் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஐந்து சிஜே-7 ஜீப்களோடு தென்கோடியிலிருந்து வடக்கே போனபோது இடைவெளியை முப்பதே நாளில் முடித்தார். ஜீப் அற்புதம் என்று விளம்பரம் செய்யலாம். அவர்களும் அத்ராத்தோவில் வண்டிகளைத் தெப்பத்தில் ஏற்றித்தான் பெருந்தூரம் கடந்தார்கள். நூறு நாளுக்கும் முப்பது நாளுக்கும் உள்ள வித்தியாசத்தில் எஞ்சினின் பங்கைவிட, எந்த இடத்தில் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஏற்றிச் செல்வது என்ற முடிவின் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

அந்தச் சலுகையை மறுத்த ஒருவர் உண்டு. அமெரிக்கரான லோரன் அப்டன். ஆற்றோடு மிதந்து போவது நிலவழி ஆகாது, சக்கரம் தரையில்தான் போக வேண்டும் என்று அவரே ஒரு விதி வைத்துக்கொண்டார். பாட்டி மெர்சியருடன் பழைய சிஜே-5 ஜீப் ஒன்றில் 1985இல் இறங்கி 1987இல் வெளியே வந்தார். 201 கிலோமீட்டருக்கு 741 நாள். நாளொன்றுக்கு 270 மீட்டர் சொச்சம். முழுக்க நிலவழியே வாகனத்தில் நடந்த முதல் கடப்பு என்று கின்னஸ் பதிவு செய்தது.

741 நாள் பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இந்தப் பயணங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, நிலவழி என்ற சொல்லுக்கு அந்தக் காட்டில் என்ன விலை என்பதை மறைக்காமல் சொன்னது அந்த எண் ஒன்றுதான். மற்ற எல்லா எண்களிலும் படகு ஒளிந்திருக்கிறது. எம்பெரா ஓடக்காரர் ஒருவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் படகில் வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். கடைசியில் அப்டனைத் தவிர எல்லோரும் அவர் சொல்லக்கூடியதையே செய்தார்கள், வண்டியைத் தெப்பத்தில் வைத்துக்கொண்டு.

வராத சாலை

பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல்லின் குழு காட்டுக்குள் போன காலம், இடைவெளியில் சாலை வந்தேவிடும் என்று பலரும் நம்பிய காலம். 1971இல்தான் பனாமா, கொலம்பியா, அமெரிக்கா மூன்றும் அதைக் கட்ட ஒப்பந்தம் செய்திருந்தன. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அமெரிக்கா ஏற்பதாக இருந்தது. அதைத் தடுத்தவற்றில் மாட்டு நோய் ஒன்று. கொலம்பியாவில் இருந்த கோமாரி பனாமாவிலும் அதற்கு வடக்கேயும் இல்லை. மாடுகள் நடந்து தாண்ட முடியாத காடே வடக்குக்கு வேலி. சாலை போட்டால் வேலி போய்விடும். சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் 1975இல் சாலைப் பணிக்குத் தடை விதித்தது. 1981இல் பனாமாப் பக்கத் தாரியென் தேசியப் பூங்கா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. 1994இல் கொலம்பியப் பக்கத்து லோஸ் கத்தீயோஸ் பூங்காவும் சேர்ந்தது. சாலை யாவிசாவோடு நின்றது.

ஆட்கள் நிற்கவில்லை. 2023இல் மட்டும் 5,20,000க்கும் மேற்பட்டோர் இந்தக் காட்டைத் தாண்டி வடக்கே போனதாகப் பனாமா அரசு கணக்கிட்டது. பெரும்பாலும் வெனிசுவேலாக்காரர்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள். வின்ச், விமானம், ஏணி என எதுவும் அவர்களிடம் இல்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை யாருக்கும் சரியாகத் தெரியாது. வண்டிப் பயணங்களைப் பற்றி எழுதும்போது இந்த எண் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சாகசம் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது அலாஸ்காவிலிருந்து உசுவாயா வரை வண்டியில் போகிறவர்கள் பனாமாவின் கோலோன் துறைமுகத்தில் வண்டியைக் கன்டெய்னருக்குள் ஏற்றிப் பூட்டி, கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் போய் எடுத்துக்கொள்கிறார்கள். இடையில் அவர்கள் விமானத்தில் பறக்கிறார்கள். கப்பல் சீட்டில் வண்டி, சரக்கு என்ற தலைப்பின்கீழ் எழுதப்படுகிறது.